ஈடாக நின்ற பிள்ளைகள்

வெள்ளகோவில் மானாவாரிச் சீமை. கிழக்கே கரூர், மேற்கே காங்கேயம், நடுவில் மழையை நம்பிக் கிடக்கும் மேட்டுக்காடு. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்து வாய்க்கால் எங்களிடம் வந்து சேரும்போது கடைமடை. தண்ணீர் வரும் வருஷமும் உண்டு, எட்டிப் பார்க்காத வருஷமும் உண்டு. அதனால் இங்கே விளைச்சலைக் காட்டிலும் ஆடு மாடுகள்தான் குடும்பங்களைத் தாங்கின. முள்கிளுவையை வேலியாக நட்டு, நடுவில் வெள்வேல மரங்களை நிறுத்தி, கொழுக்கட்டைப் புல்லைத் தழைக்கவிட்ட கொறங்காடுகள் இந்த வட்டாரத்தின் செல்வம். காங்கேயம் மாட்டின் பெயர் நாடெங்கும் பரவியதற்கு அந்தக் காடுகள்தான் காரணம். அந்த ஆடு மாடுகளுக்குப் பின்னால் வெயிலில் நடந்தவர்களில் பலர் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் என்பதைக் காளையைப் புகழ்கிறவர்கள் சொல்வதில்லை.

‘பண்ணையத்துக்கு விடறது’ என்பார்கள். வீட்டில் ஒரு சாவோ கல்யாணமோ நோயோ வரும். தகப்பன் தோட்டக்காரரிடம் ஒரு தொகை வாங்குவான். அதற்கு ஈடாகப் பையன் அந்தத் தோட்டத்தில் ஆடு மேய்ப்பான், சாணி அள்ளுவான், தவிட்டுத் தண்ணி காட்டுவான், ராத்திரி பட்டியில் காவலுக்குப் படுப்பான். வருஷக் கூலி வள்ளக் கணக்கில் கம்பாகவோ சோளமாகவோ தகப்பன் வீட்டுக்குப் போகும். பையனுக்குச் சோறும் துணியும். ஆடு ஒன்று காணாமல் போனால் அதன் விலை கடனோடு சேரும். இப்படி விடப்பட்டவர்கள் பெரும்பாலும் அருந்ததியர் வீட்டுப் பிள்ளைகள். பெருமாள்முருகன் 2000-இல் எழுதிய ‘கூளமாதாரி’ நாவல் அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையைச் சொல்வது. அதைப் படித்துவிட்டு, இது தங்கள் ஊரில் நடக்கவே இல்லை என்று சொல்லக்கூடிய கொங்கு நாட்டு முதியவர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

நான் சென்னிமலையில் நெசவு வீட்டில் பிறந்தவள். விடிவதற்கு முன் ராட்டையில் நூலைத் தாராகச் சுற்றி அப்பாவின் தறிக்குக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தேன். சுற்றுவட்டாரத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். பிள்ளைகளின் உரிமைக்காக இளையோரைப் பேசவைக்கும் திட்டங்கள் இப்போது நிறைய வருகின்றன. அவை எப்படி நடந்தன என்று மதிப்பிட்டுச் சொல்ல என்னைப் போன்றவர்களையும் கூப்பிடுகிறார்கள். எத்தனை பயிற்சி முகாம், எத்தனை பேரணி, எத்தனை பேர் உறுதிமொழி எடுத்தார்கள் என்று படிவத்தில் கட்டங்கள் இருக்கும். அவற்றை நிரப்புவதற்கு முன் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்கென்று நூறு வருஷத்துக்கு மேலாக ஒருவர் பின் ஒருவராக வந்திருக்கிறார்கள். அவர்களில் யார் எதைச் சாதித்தார்கள், எந்த இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுந்தார்கள்? அது தெரியாமல் இன்றைய திட்டத்துக்கு மதிப்பெண் போட முடியாது.

சட்டத்தின் கண்ணில் பட்டவர்கள்

முதலில் சட்டத்தின் கண்ணில் பட்டவர்கள் ஆலையில் வேலை செய்த பிள்ளைகள். 1881-இல் வந்த தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்களை மட்டும் தடுத்தது. ஏழிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருந்தால் நாளைக்கு ஒன்பது மணி நேரம் வேலை வாங்கலாம். 1891-இல் அந்த வயது ஒன்பதானது, 1922-இல் பன்னிரண்டானது, 1948-இல் பதினாலானது. ஏழு வயதிலிருந்து பதினாலு வயதுக்கு ஏற நாட்டுக்கு 67 வருஷம் பிடித்தது. கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் மில் 1888-இல் தொடங்கியது. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் வரிசையாக எழுந்தன. நூலாலை கொங்கு நாட்டின் அடையாளமானது இந்த ஆண்டுகளுக்குள்தான்.

1920-இல் சென்னை மாகாணத்தில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று சென்னைக் குழந்தைகள் சட்டம். குற்றத்தில் சிக்கிய பிள்ளைகளையும் ஆதரவற்ற பிள்ளைகளையும் பெரியவர்களோடு சிறையில் அடைக்காமல் தனியாக விசாரித்து, அவர்களுக்கென்று உள்ள பள்ளிகளுக்கு அனுப்ப வழி செய்தது. இந்தியாவில் இந்த வகையில் இதுவே முதல் சட்டம். வங்காளம் 1922-இலும் பம்பாய் 1924-இலும் பின்தொடர்ந்தன. இன்னொன்று தொடக்கக் கல்விச் சட்டம். உள்ளாட்சி அமைப்பு விரும்பினால் தன் எல்லைக்குள் கல்வியைக் கட்டாயமாக்கலாம் என்றது. இரண்டும் நல்ல சட்டங்களே. ஆனால் பட்டியில் படுத்துக் கிடந்த பையன் திருடவும் இல்லை, அநாதையும் இல்லை. அவனுக்கு அப்பன் இருந்தான், வேலை இருந்தது, சோறு இருந்தது. அவனைப் பார்ப்பதற்கு அந்தச் சட்டங்களில் இடமே இல்லை.

பார்த்த சட்டம் 1933-இல் வந்தது. 1929-இல் அமைக்கப்பட்ட விட்லி தலைமையிலான தொழிலாளர் ஆணையம் நாடு முழுவதும் சுற்றியது. அமிர்தசரஸ் கம்பளத் தறிகளிலும் சென்னை மாகாணத்துப் பீடிப் பட்டறைகளிலும் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகள் அடமானமாக நிற்பதைக் கண்டது. அதன் பயனாக வந்ததுதான் குழந்தைகளின் உழைப்பை அடமானம் வைப்பதைத் தடுக்கும் சட்டம். பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் உழைப்பை ஈடு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது. ஈடு வைக்கும் பெற்றோருக்கு 50 ரூபாய் வரையிலும், வேலை வாங்குபவருக்கு 200 ரூபாய் வரையிலும் அபராதம். நியாயமான கூலிக்கு மட்டும் விட்டு, ஒரு வாரத்துக்கு மிகாத முன்னறிவிப்பில் விலகிக்கொள்ளலாம் என்றால் அது குற்றமில்லை என்று ஒரு விலக்கும் வைத்தது.

எங்கள் வட்டாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சட்டம் அதற்கு முன் வந்ததில்லை. இருந்தாலும் பண்ணையத்தை அது அசைக்கவில்லை. காரணம் எளிது. இங்கே ஒப்பந்தம் காகிதத்தில் இல்லை. வாய்ச்சொல்தான். சாட்சி சொல்ல வேண்டிய ஆள் கடன் வாங்கிய தகப்பன். அவனுக்கும் தண்டனை உண்டு என்றால் அவன் எப்படி வாயைத் திறப்பான்? மிச்சம் இருந்த ஒரே சாட்சி அந்தப் பையன். அவனைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை.

சோறு செய்த வேலை

பண்ணையத்துக்குப் பிள்ளையை விட்டதில் கடனோடு இன்னொரு கணக்கும் இருந்தது. வீட்டில் ஒரு வாய் குறையும். பையன் சாப்பாடு தோட்டத்தில் முடிந்துவிடும். இதை நன்றாகப் புரிந்துகொண்ட ஒரே தலையீடு மதிய உணவுதான்.

அதற்கு முன் எதிர்த்திசையில் ஒரு முயற்சி நடந்தது. 1953-இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று திட்டம் கொண்டுவந்தது. ஈரோட்டுப் பெரியார் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று எதிர்த்து மாகாணம் முழுக்கக் கிளர்ச்சி செய்தார். கொறங்காட்டை வைத்துப் பார்த்தால் அந்த எதிர்ப்பின் நியாயம் புரியும். ஆடு மேய்க்கிறவனின் பையனுக்கு மீதி நேரத்தில் கிடைக்கும் தொழிற்பயிற்சி ஆடு மேய்ப்பதுதான். 1954-இல் காமராஜர் முதலமைச்சரானதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. கிராமம்தோறும் பள்ளிக்கூடம் திறப்பதும், 1956-இல் தொடங்கிய மதிய உணவும் அதன் பின் வந்தவை. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-இல் சத்துணவைத் தொடங்கியபோது நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. பெயர் மட்டும் பதிவேட்டில் இருந்து ஆள் வராத பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். பின்னாளில் சத்துணவு அமைப்பாளரம்மா முட்டையும் பயறும் போட்டபோது சில தாய்மார்கள் பள்ளி வாசலில் நின்று பார்ப்பார்கள். தன் பிள்ளை வயிறு நிறையச் சாப்பிடுகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வேலைக்குப் போவார்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வேலை செய்த குழந்தைகள் 1981-இல் சுமார் 9.75 லட்சம். 1991-இல் 5.78 லட்சம். 2001-இல் 4.18 லட்சம். சோறு ஒன்றே இதைச் செய்தது என்று சொல்லமாட்டேன். ரோடு வந்தது, பஸ் வந்தது, பெரியவர்களுக்குக் கூலி உயர்ந்தது, வீட்டில் பிள்ளைகள் குறைந்தார்கள். ஆனாலும் வீட்டுக் கணக்கில் ஒரு வாய்ச் சோற்றுக்குப் பதில் கொடுத்த திட்டம் வேலை செய்தது. கடனுக்குப் பதில் கொடுக்கும் திட்டம் ஒன்று அதே வீச்சில் வந்திருந்தால் இந்த வரலாறு வேறு மாதிரி இருந்திருக்கும்.

கொறங்காட்டிலிருந்து தறிக்கூடத்துக்கு

1979-இல் கோவை மாவட்டத்திலிருந்து ஈரோட்டுப் பகுதி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது காங்கேயம் வட்டம் அதோடு போனது. 2009-இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது எங்களை அங்கே சேர்த்தார்கள். மாவட்டம் மாறிய அந்த முப்பது வருஷத்துக்குள் பிழைப்பும் மாறியது. வெள்ளகோவிலிலும் முத்தூரிலும் விசைத்தறிகள் பெருகின. நூல் மில்கள் வந்தன. பண்ணையத்துக்கு ஆள் கிடைக்காது என்று தோட்டக்காரர்கள் சலித்துக்கொள்ளத் தொடங்கினார்கள்.

பண்ணையம் போனது. முன்பணம் போகவில்லை. தறிக்கூடத்தில் அதன் பெயர் பாக்கி. தறி ஓட்டக் குடும்பத்தோடு வருகிறவருக்கு உரிமையாளர் ஒரு தொகை கொடுப்பார். வாரக் கூலியில் கொஞ்சம் பிடிப்பார். காய்ச்சல், சீர், பண்டிகை என்று மறுபடி வாங்கவேண்டி வரும். பாக்கி தீராமல் வேறு தறிக்குப் போக முடியாது. போகவேண்டுமானால் புது உரிமையாளர் பழைய பாக்கியைக் கொடுத்து ஆளை எடுத்துக்கொள்வார். அப்பா தறி ஓட்ட, அம்மா நூல் போட, பிள்ளை தார் சுற்றும். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று கைமடித்துக் கொடுக்கப் பொடியன்கள் இருந்தார்கள்.

நானும் தார் சுற்றியவள்தான் என்பதால் இரண்டையும் ஒன்றாகப் பார்க்க எனக்கு மனம் வராது. என் அப்பா யாரிடமும் முன்பணம் வாங்கவில்லை. பள்ளி மணி அடித்ததும் ராட்டையை விட்டு எழுந்து ஓடினால் அவர் தடுக்கமாட்டார். தறிக்கூடத்துப் பிள்ளைக்கு அப்படி எழுந்துகொள்ள முடியாது. அது எழுந்தால் தறி நிற்கும், தறி நின்றால் வாரக் கணக்கு குறையும், குறைந்தால் பாக்கி ஏறும். வேலை பிள்ளையைக் களைப்பாக்கியது. அதை அங்கேயே கட்டிப்போட்டது பாக்கி.

1979-இல் அமைந்த குருபாதசாமி குழுவின் பரிந்துரைகளையொட்டி 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. பதினாலு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைச் சில தொழில்களில் தடுத்து, மற்றவற்றில் நேரத்தை வரையறுத்தது. நெசவும் சாயமும் தடுக்கப்பட்ட பட்டியலில் இருந்தன. ஆனால் குடும்பத்தார் துணையோடு நடக்கும் பட்டறைக்கு விலக்கு இருந்தது. அதிகாரி வந்தால் ‘எங்க வீட்டுப் பிள்ளைங்க’ என்ற ஒரு சொல் போதும்.

1996 டிசம்பர் 10-இல் சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய தீர்ப்பைத் தந்தது. குழந்தையை வேலைக்கு வைத்தவர் தலைக்கு 20,000 ரூபாய் கட்டவேண்டும். அரசு அந்த வீட்டில் ஒரு பெரியவருக்கு வேலை தரவேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் சேர்க்கவேண்டும். அந்த நிதியின் வட்டி குடும்பத்துக்குப் போகும், பிள்ளை படிக்கும். குற்றம் செய்தவரிடமிருந்து பணம் வாங்கிப் பிள்ளையின் படிப்புக்குத் திருப்பும் இந்த யோசனை முந்தைய சட்டங்களில் இல்லாதது. நீதியுணர்வோடு செய்த யோசனை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 25,000 ரூபாய்க்கு வருஷத்துக்கு நூற்றுக்குப் பத்து என்று வைத்தாலும் மாதம் 208 ரூபாய்தான் வரும். ஆயிரக்கணக்கில் நிற்கும் பாக்கியின் முன் அது என்ன செய்யும்?

1988-இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் பின்னாளில் கோவைக்கும் ஈரோட்டுக்கும் வந்தது. வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளி, மதிய உணவு, மருத்துவச் சோதனை, மாதம் 100 ரூபாய் உதவித்தொகை. பிறகு அது 150 ஆனது, பின் 400 ஆனது. அந்தப் பள்ளிகளில் சொற்பத் தொகுப்பூதியத்துக்கு வேலை செய்த இளம் ஆசிரியர்களைப் போலப் பிள்ளைகளின் வீடுகளை அறிந்தவர்கள் வேறு யாரும் இல்லை. எந்த வீட்டில் அப்பா குடிப்பார், எந்த வீட்டில் பாக்கி எவ்வளவு என்பது அவர்களுக்குத் தெரியும். அங்கிருந்து என் ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பது சிரமமாக இருக்கும். வட்டிக் கணக்கு சொன்னால் வாயாலேயே விடை வரும். எப்படிடா கண்ணு என்று ஒருவனைக் கேட்டேன். ‘வாராவாரம் ஊட்ல போடுவாங்க டீச்சர். கூட்டிப் பாத்தா கொறையவே மாட்டேங்குதுங்’ என்றான். 2022-இல் அந்தச் சிறப்பு மையங்கள் மூடப்பட்டு, பொறுப்பு சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக்கல்வித் திட்டத்தோடு சேர்ந்தது. அந்த ஆசிரியர்களின் அறிவை யாரும் எழுதி வாங்கிக்கொள்ளவில்லை.

பின்பணம்

பெண்பிள்ளைகளுக்கு வேறு முறை வந்தது. நூல் மில்களில் சுமங்கலித் திட்டம் என்றும் கேம்ப் கூலி என்றும் சொன்னார்கள். தென்மாவட்டங்களிலிருந்தும் மானாவாரி ஊர்களிலிருந்தும் பதின்வயதுப் பெண்களைத் தரகர்கள் கூட்டிவருவார்கள். மூன்று வருஷம் மில் விடுதியில் தங்கி வேலை. முடிவில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு. இடையில் நோய் வந்தோ மனம் ஒடிந்தோ திரும்பினால் அந்தத் தொகை கைக்கு வராது. 2011-இலும் 2012-இலும் 2014-இலும் நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வு அமைப்புகள் இதைப் பற்றி வெளியிட்ட அறிக்கைகள் ஐரோப்பியத் துணிக்கடைகள் வரை போயின. 2014-இல் பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளையும் இல்லங்களையும் முறைப்படுத்தத் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது.

பண்ணையத்தில் பணத்தை முதலில் கொடுத்துப் பிள்ளையைப் பிடித்தார்கள். இங்கே பணத்தைக் கடைசிக்கு நிறுத்திவைத்துப் பிடித்தார்கள். முன்பணமும் பின்பணமும் செய்த வேலை ஒன்றுதான். இதற்கு நேர்ப்பதிலாக வந்தது அரசின் பணமே. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் வந்த திருமண உதவி, பெண் இவ்வளவு படித்திருந்தால்தான் கிடைக்கும் என்றது. 2022-இல் அது புதுமைப் பெண் திட்டமாகி, கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணின் கையில் மாதாமாதம் பணம் வருவது வீட்டுக்குள் அவள் சொல்லுக்குத் தரும் பலத்தை நான் கண்ணால் பார்க்கிறேன்.

பிள்ளைகள் வாயைத் திறந்தபோது

இதுவரை சொன்ன எதிலும் பிள்ளை பேசவில்லை. பேசவேண்டும் என்ற எண்ணமே உலகத்துக்குத் தாமதமாகத்தான் வந்தது. 1989-இல் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்று பன்னிரண்டாம் பிரிவில் எழுதியது. இந்தியா 1992 டிசம்பர் 11-இல் அதை ஏற்றது. அதற்கு முன்பே, 1990-இல், கர்நாடகத்தில் பீம சங்கம் என்ற பெயரில் உழைக்கும் பிள்ளைகளே ஒரு சங்கம் அமைத்தார்கள். 1996-இல் குந்தாப்பூரில் பல நாடுகளிலிருந்தும் உழைக்கும் பிள்ளைகள் கூடி ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். நாங்கள் செய்த பொருளைப் புறக்கணிக்காதீர்கள், எங்களுக்கு மரியாதையோடு வேலையும் படிக்க நேரமும் கொடுங்கள் என்றார்கள்.

அந்தக் கோரிக்கை முழுவதையும் நான் ஏற்கமாட்டேன். பிள்ளைக்கு முழுநாளும் பள்ளிக்கூடம் வேண்டும் என்பது என் நிலை. ஆனால் அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதை மதிக்கிறேன். அதற்குச் சில வருஷம் முன்புதான் அமெரிக்காவில் குழந்தைகள் தைத்த துணியைத் தடுக்க மசோதா வருகிறது என்றதும் வங்கதேசத்து ஆலைகள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை ஒரே வீச்சில் வெளியே அனுப்பின. அவர்களில் பலர் அதைவிட மோசமான வேலைகளுக்குப் போனார்கள் என்று யுனிசெஃப் பின்னால் சொன்னது. பிள்ளையைக் கேட்காமல் பிள்ளைக்காக முடிவெடுத்ததன் விலை அது.

தமிழ்நாட்டில் குழந்தைகள் நாடாளுமன்றங்கள் பரவின. ஒரு தெருவுக்கு முப்பது பிள்ளைகள் அளவில் கூடி, தங்களுக்குள் பிரதமரையும் அமைச்சர்களையும் தேர்ந்தெடுத்து, ஊர்ப் பிரச்சினையைப் பேசுவார்கள். 2009-இல் வந்த ஒருங்கிணைந்த குழந்தைப் பாதுகாப்புத் திட்டம் ஊராட்சிதோறும் ஒரு குழந்தைப் பாதுகாப்புக் குழு வேண்டும் என்றது. ஊராட்சித் தலைவர், அங்கன்வாடிப் பணியாளர், செவிலியர், ஆசிரியர் ஆகியோரோடு பிள்ளைகளின் பிரதிநிதிகள் இருவர். குழந்தைகள் உதவிக்கான 1098 என்ற எண் பள்ளிச் சுவர்களில் ஏறியது. அந்த எண்ணை அழைத்துத் தோழியின் குழந்தைக் கல்யாணத்தை நிறுத்திய மாணவிகள் எங்கள் பக்கமும் உண்டு. பயிற்சி கொடுத்தவர்களுக்கு என் வணக்கம். பெரியவர்கள் முன் தலை நிமிர்ந்து பேசும் ஒரு தலைமுறையை அவர்கள் உருவாக்கியிருக்கிறார்கள்.

ஆசிரியர் பிரதிநிதியாக அப்படிப்பட்ட குழுக்களில் உட்கார்ந்தவள் என்ற முறையில் ஒன்றைக் கவனித்தேன். தெருவிளக்கு எரியவில்லை, பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் இல்லை, பஸ் நிற்காமல் போகிறது என்று பிள்ளைகள் சொன்னால் பதில் சீக்கிரம் வந்தது. பாக்கி என்ற சொல் வந்தால் அறை அமைதியானது. பதின்மூன்று வயதுப் பிரதிநிதி ஒருவன் சொன்னான்: ‘எங்க சித்தப்பா பையன் ஸ்கூலுக்கு வர்றதில்லைங். பாக்கி இருக்குதுங். நான் சொன்னேன்னு தெரிஞ்சா எங்கப்பாவையும் தறிய விட்டு நிறுத்திப்போடுவாங்க.’ அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்களில் தறி வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். தீர்மானப் புத்தகத்தில் ‘இடைநின்ற மாணவர் ஒருவர், ஆசிரியர் கவனிக்க’ என்று எழுதப்பட்டது. பாக்கி என்ற வார்த்தை புத்தகத்தில் ஏறவில்லை.

சட்டம் அந்தப் பிள்ளையின் பக்கம்தான் இருந்தது. 1976-இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அப்படிப்பட்ட கடன் செல்லாது. வருவாய்க் கோட்டாட்சியர் விசாரித்து விடுதலைச் சான்றிதழ் தரலாம். மீட்கப்பட்ட குழந்தைக்கு மறுவாழ்வு நிதியும் உண்டு. ஆனால் அந்தக் குடும்பம் அதே தெருவில் இருக்கவேண்டும், அடுத்த வாரமும் தறி ஓட்டவேண்டும். அவர்கள் மனு கொடுக்கத் துணியவில்லை. கடைசியில் அந்தத் தாய் இருந்த மகளிர் சுய உதவிக் குழுதான் கை கொடுத்தது. குழுக்கடன் வாங்கிப் பாக்கியை அடைத்தார்கள். அந்தப் பையன் மறுபடி பள்ளிக்கு வந்தான். கடன் கடனாகவே இருந்தது, ஆனால் பிள்ளை அதற்கு ஈடாக இல்லை. அன்றைக்கு வென்றது அந்தத் தாய்மார்களும், முதலில் வாயைத் திறந்த அந்தப் பிரதிநிதியும். திட்டத்தின் வருடாந்திர அறிக்கையில் இரண்டும் இடம்பெறவில்லை. பேரணிக்கு வந்த தலைகள் இடம்பெற்றன.

எதை அளக்க வேண்டும்

என் தீர்ப்பு இது. பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்ததில் இந்தத் திட்டங்கள் வென்றிருக்கின்றன. அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லப் பெரியவர்களைப் பழக்கியதில் தோற்றிருக்கின்றன. 1933-இன் சட்டம் முன்பணத்தைப் பார்த்தது, பிள்ளையைக் கேட்கவில்லை. இன்றைய திட்டங்கள் பிள்ளையைக் கேட்கின்றன, முன்பணத்தின் பக்கம் போவதில்லை. இரண்டும் ஒரே கூட்டத்தில் சேரும் நாளில்தான் ஒரு பிள்ளை விடுபடும். அதுவரை மேடையில் அழகாகப் பேசிய பிள்ளை வீட்டுக்குப் போய்த் தார்தான் சுற்றும்.

ஆகவே படிவத்தில் வேறு கேள்விகள் வேண்டும். பெயர் வெளியே தெரியாமல் புகார் சொல்ல அந்தப் பிள்ளைக்கு வழி இருந்ததா? சொன்னதற்கு எத்தனை நாளில், யார், என்ன பதில் சொன்னார்கள்? அந்தப் பதில் பிள்ளையின் காதுக்கே போய்ச் சேர்ந்ததா? குடும்பத்தின் கடனுக்கு மாற்று வழி காட்டப்பட்டதா? இரண்டு வருஷம் கழித்துப் பிள்ளை பள்ளியில் இருக்கிறதா? 2018-இல் கஜா புயலுக்குப் பிறகு தஞ்சைப் பக்கம் பெற்றோர் பிள்ளைகளை ஆடு மேய்க்க அடமானமாக விட்ட செய்தி வந்தது. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடியபோது எங்கள் ஊரிலும் பிள்ளைகள் தறிக்குத் திரும்பினார்கள். ஒருமுறை மீட்டால் மீட்டதுதான் என்று யாரும் கணக்கை மூடிவிட முடியாது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016-இல் வந்த திருத்தம் பதினாலு வயதுக்குக் கீழ் எல்லா வேலையையும் தடுத்துவிட்டு, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்று கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது. அந்தக் கதவு வழியாக எந்தப் பிள்ளை எங்கே போகிறது என்பதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையால்தான் சொல்ல முடியும்.

இன்னொன்றும் அவசரமானது. இன்று எங்கள் மில் குடியிருப்புகளிலும் தறிக்கூடங்களிலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களின் பிள்ளைகளுக்கு நம் குழந்தைகள் நாடாளுமன்றத்தில் நாற்காலி இல்லை. நம் பிள்ளைகள் பேசக் கற்ற தமிழ் அவர்களுக்குத் தெரியாது. அருந்ததியர் வீட்டுப் பையன் பட்டியில் படுத்திருந்தபோது யார் கண்ணிலும் படாமல் போனது போல இவர்களும் போகக்கூடாது. குழுவில் அந்தக் குடியிருப்பிலிருந்து ஒரு பிள்ளையும், அதன் மொழி தெரிந்த ஒரு பெரியவரும் இருக்கவேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. ஊராட்சியின் ஒரு தீர்மானம் போதும்.

மே 1-ஆம் தேதி ஒவ்வோர் ஊராட்சியிலும் கிராம சபை கூடுகிறது. உழைப்பாளர் நாள். அந்தச் சபையில், கடந்த ஒரு வருஷத்தில் பிள்ளைகள் சொன்னவை என்னென்ன, ஒவ்வொன்றுக்கும் ஊர் செய்தது என்ன என்று பிள்ளைகளின் பெயரைச் சொல்லாமல் வாசிக்கவேண்டும். செய்யாதவற்றையும் வாசிக்கவேண்டும், யார் பொறுப்பு என்றும் சொல்லவேண்டும். வெள்ளகோவில் வட்டாரத்து ஊராட்சிகள் இதைத் தொடங்கிவைக்கட்டும். முன்பணத்துக்குப் பிள்ளையை ஈடு கேட்ட வழக்கம் இந்த மண்ணில் எத்தனையோ தலைமுறை எழுதாத ஒப்பந்தமாக நடந்தது. அதை முடித்துவைக்கும் பொறுப்பை நாம் எழுதி, எல்லோர் முன்னாலும் உரக்க வாசித்து ஏற்கவேண்டும்.